இஸ்தான்புல்லில் ஒரு வெள்ளிக்கிழமை: கம்பளக் கடைக்கு 70 நிமிடம், ஹாகியா சோபியாவுக்கு 40

#1 ஜன்னலோரம்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குழுச் சுற்றுலாவில் துருக்கி போய் வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மொத்தம் ஒன்பது நாள், எட்டு நாளைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. இஸ்தான்புல்லில் கழிந்த அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்களை ஏமாற்றினார்களா, இல்லை கூட்டத்தோடு போனால் இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கையில் கொடுத்த தாளில் அச்சாகியிருந்தது இது: காலையில் ஹாகியா சோபியா, நீல மசூதி, ஹிப்போட்ரோம் திடல். மதிய உணவு. பிறகு தோப்கப்பி அரண்மனை, கிராண்ட் பஜார். இரவு பாஸ்பரஸ் நீரிணையில் படகு, அதிலேயே விருந்து.

நடந்தது வேறு. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ், இரண்டு பேர் கீழே வராததால் எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டு, இனி மேடேறி நடங்கள் என்றார்கள். 38 பேர். வழிகாட்டி ஒரு குச்சி நுனியில் துணிப் பொம்மை மீனைக் கட்டி உயர்த்திப் பிடித்தபடி முன்னால் போனார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நாங்கள் எப்போதும் கடைசி. காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். மீன் கண்ணுக்குத் தெரிகிற வரை பேசும், மீன் வளைவில் திரும்பியதும் கரகரக்கும். "இந்தத் தூணை எகிப்திலிருந்து... கர்ர்ர்... பேரரசர்... கர்ர்ர்... கழிப்பறை இடது பக்கம்." நாங்கள் கேட்ட வரலாறு இவ்வளவுதான்.

ஹிப்போட்ரோமைத் தாண்டி நீல மசூதி வாசலுக்குப் போனால் அங்கே ஒரு பலகை. கொட்டை எழுத்தில் ஒரே சொல். அம்மா எழுத்துக்கூட்டி "கபாலி" என்று சத்தமாகப் படித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கபாலி என்றால் துருக்கியில் "மூடியிருக்கிறது" என்று அர்த்தமாம். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்களாம். வழிகாட்டி அசரவே இல்லை. "முதலில் தோப்கப்பி போகலாம், மற்றதெல்லாம் மதியத்துக்கு மேல்" என்று மீனைத் திருப்பிவிட்டார்.

தோப்கப்பியில் இரண்டு மணி நேரம். கருவூலத்தில் கரண்டிக்காரர் வைரம் என்று 86 காரட் கல் ஒன்று. வரிசையில் நகர்ந்தபடியே நாலு விநாடி பார்த்தோம். பிறகு ஒரு மாடி உணவகத்தில் சாப்பாடு, அதைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். அது முடிந்து "கைவினைக் கூடம்" என்று ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். பார்த்தால் கம்பளக் கடை. ஒரு பெண் தறியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் முடிச்சுப் போட்டுக் காட்டினார். மீதி 65 நிமிடமும் வியாபாரம்தான். கதவைச் சாத்திவிட்டு, ஆப்பிள் டீ கொடுத்து, கம்பளம் மேல் கம்பளமாக உருட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகு நீல மசூதி அரை மணி. ஹாகியா சோபியாவில் வரிசையில் நின்ற நேரம் போக, உள்ளே இருந்தது 40 நிமிடம். அதிலும் கீழ்த்தளத்துக்கு விடவில்லை, மேல்மாடம் மட்டும்தான். 537-ல் கட்டிய குவிமாடம் இன்று வரை அப்படியே நிற்கிறதே, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனது. பஜாரில் 35 நிமிடம். அப்புறம் படகு.

கம்பளத்துக்கு 70, ஹாகியா சோபியாவுக்கு 40. இந்தக் கணக்கை யாராவது எனக்கு விளக்குங்கள்.

#2 அரைத்தூக்கம்

முதல் கேள்வி: கம்பளம் வாங்கினீர்களா இல்லையா?

#3 ஜன்னலோரம்

வாங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆள் ஒரு பட்டுக் கம்பளத்தை இரண்டு முனையிலும் பிடித்து, காற்றில் ஒரு சுழற்று சுழற்றி, தலை மாற்றிப் போட்டார். அடர் நீலமாக இருந்தது வெளிறிய சாம்பல் நீலமாகிவிட்டது. இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் எந்த முனையிலிருந்து பார்க்கிறோமோ அதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. அந்த ஒரு விநாடி நான் பர்ஸைத் தொட்டது உண்மை.

#4 சக்கரக்கால்

இதற்குத்தான் நான் குழுவோடு போவதே இல்லை. சுல்தானகமது பகுதியில் நீங்கள் சொன்ன எல்லா இடமும் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து டி1 டிராமில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் எமினோனு, படகுத்துறை. பஸ்ஸே தேவையில்லாத ஊர் பகுதியில் பஸ்ஸில் சுற்றியிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாகியா சோபியா திறந்துதான் இருக்கும், மதியத் தொழுகை நேரத்துக்குத்தான் பார்வையாளர்களுக்கு மூடுவார்கள். ஒன்பது மணிக்கு வாசலில் நின்றிருந்தால் முதல் ஆளாகப் போயிருக்கலாம். அந்த இரண்டு பேர் தூங்கியதற்கு 36 பேர் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

#5 பழைய வரைபடம்

முதலில் ஒரு திருத்தம், ஜன்னலோரம் தவறாக நினைக்க வேண்டாம். 537-ல் கட்டிய குவிமாடம் "அப்படியே" நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களுக்குப் பிறகு 558-ல் அது இடிந்து விழுந்தது. முதலில் கட்டியவர்கள் திராலெஸ் ஊர் அந்தெமியுஸ், மிலேத்துஸ் ஊர் இசிதோர் என்ற இருவர். திரும்பக் கட்டியவர் அந்த இசிதோரின் உடன்பிறந்தார் மகன் என்பார்கள், இளைய இசிதோர். முதல் குவிமாடம் ரொம்பத் தட்டையாக இருந்ததால் சுவர்களை வெளியே தள்ளியது. அதனால் இரண்டாவது முறை சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார். 562-ல் முடிந்தது. பத்தாம் நூற்றாண்டிலும் பதினான்காம் நூற்றாண்டிலும் ஒவ்வொரு பகுதி மறுபடி விழுந்து, மறுபடி எழுந்தது. நீங்கள் பார்த்தது பல கைகள் ஒட்டுப்போட்ட குவிமாடம். எனக்கு அதனாலேயே அது கூடுதலாகப் பிடிக்கும்.

மாடத்துக்கு மட்டும் விட்டார்கள் என்ற வருத்தம் புரிகிறது. தேவாலயமாகக் கட்டி, பிறகு மசூதியாகி, அப்புறம் அருங்காட்சியகமாக இருந்த இடம் 2020-ல் மறுபடி மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து கீழ்த்தளம் தொழுகைக்கு, மேல்மாடம் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு, 25 யூரோ கட்டணம் என்று பிரித்துவிட்டார்கள். இதில் உங்கள் நிறுவனத்தின் தவறு எதுவும் இல்லை, தனியாகப் போயிருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் மாடத்தில் இருப்பது கீழே இல்லை. பைசாந்தியப் பேரரசி ஸோயியின் மொசைக் பார்த்தீர்களா? பக்கத்தில் நிற்கும் கணவன் தலையை உற்றுப் பார்த்தால் கழுத்தோடு சரியாகப் பொருந்தாத மாதிரி இருக்கும். ஸோயிக்கு மூன்று கணவர்கள். முகத்தையும் பெயரையும் பெயர்த்துவிட்டு மூன்றாமவர், ஒன்பதாம் கான்ஸ்டன்டைன், முகத்தைப் பதித்தார்கள். உடல் பழையவருடையது.

தெற்கு மாடத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு வைகிங் வீரன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். அழிந்தது போக "ஹால்ஃப்தான்" என்பது மட்டும் வாசிக்க முடிகிறது. பேரரசரின் காவற்படைக்காரன் என்று நினைக்கிறார்கள். பூசை நீண்டுகொண்டே போயிருக்கும், பாவம்.

#6 ஜன்னலோரம்

மொசைக் பார்த்தேன், தலை மாற்றியது தெரியாது! எங்கள் கருவியில் அந்த இடத்தில் கர்ர்ர்தான்.

ஆனால் அந்த வட்டப் பலகைகள், பச்சையில் தங்க எழுத்து, எட்டு இருக்குமே, அவை மாடத்திலிருந்து கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக இருந்தன. ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் அகலம் என்று எழுதியிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் தட்டு மாதிரி இருக்கும், மேலே நின்றால்தான் அது ஒரு வீட்டுச் சுவர் அளவு என்று உறைக்கிறது. சரி, மாடத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கம்பளத்தின் மேல் குறையவில்லை.

#7 தலைக்கணக்கு

பதினெட்டு வருடம் சுற்றுலா மேலாளராகக் குழுக்களைக் கூட்டிப்போயிருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதலாம்.

சகோதரி, அந்த வழிகாட்டி உங்கள் நாளைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியிருக்கிறார். எட்டே முக்காலுக்குக் கிளம்பிய பஸ், நெரிசலில் வந்து, 38 பேர் இறங்கி, மேடேறி முடிக்கும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் ஹாகியா சோபியா வாசலில் நாலைந்து குழுக்கள் முன்னால் நிற்கும். தொழுகைக்கு மூடுவதற்குள் உள்ளே போய் வந்துவிடலாம்தான். ஆனால் மதியத்துக்குத் தோப்கப்பியைத் தள்ளினால், நீல மசூதியும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், பஜாரும் மாலையில் மூடிவிடும், மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழும். தோப்கப்பிதான் அந்த நாளின் பெரிய பாறாங்கல். முதலில் அதை நகர்த்தியது சரி.

இன்னொரு கணக்கு. 38 பேர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற, தலை எண்ண, கழிப்பறை வரிசை, "என் குடையைக் காணோம்" எல்லாம் சேர்த்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் கால் மணி. ஒரு நாளில் எட்டு மாற்றம் என்றால் இரண்டு மணி நேரம் காலி. தனியாகப் போகிறவர்கள் இந்த இரண்டு மணியைக் கணக்கில் பார்ப்பதே இல்லை.

இப்போது கம்பளம். ஆமாம், கமிஷன் உண்டு. நீங்கள் கட்டிய தொகையில் லாபம் குறைவு, கடையில் வருவதை வைத்து ஈடுகட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஏன் சரியாக ஒரு மணிக்கு வைத்தார்? வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு இரண்டு மசூதியும் கிடையாது. சாப்பிட்டு முடித்த 38 பேரை வெயிலில் திடலில் உட்கார வைக்க முடியாது. உட்கார நாற்காலி, குளிர்ச்சி, இலவச டீ, சுத்தமான கழிப்பறை ஆறு, இதையெல்லாம் காசு வாங்காமல் கொடுக்கிற ஒரே இடம் அந்தக் கடைதான். கதவைச் சாத்தியது மட்டும் தப்பு. வெளியே போகிறேன் என்றால் யாரும் தடுக்கக் கூடாது.

#8 ஜன்னலோரம்

தடுக்கவில்லை. அம்மா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார், நான் பின்னாலேயே ஓடினேன். வாசலுக்கு எதிரே சிவப்புத் தள்ளுவண்டியில் சிமித் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர், எள் அப்பிய வளையம். அம்மா ஒன்றை வாங்கி, பாதியைப் பிய்த்து, டீக்கடைக்காரரிடம் இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடிக் கிளாஸில் டீ வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். டீ சுட்டதால் கண்ணாடியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக் குடிக்கிற முறையைக்கூட அந்தக் கடைக்காரர்தான் காட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க அம்மா வயிறாரச் சாப்பிட்டது அதுதான்.

உங்கள் கணக்கு எல்லாம் சரி, ஐயா. ஒரே ஒரு கேள்வி. அது வெள்ளிக்கிழமை என்பது பணம் கட்டும்போதே தெரியும். பிறகு ஏன் தாளில் "காலை நீல மசூதி" என்று அச்சடித்தார்கள்?

#9 தலைக்கணக்கு

அதற்குப் பதில் இல்லை. அதாவது காரணம் இருக்கிறது, நியாயம் இல்லை. ஒரே தாளைத்தான் எல்லாத் தேதிக்கும் அச்சடிப்பார்கள், கிழமை மாறும்போது நாள் தலைகீழாகும். அதனால் பணம் கட்டும் முன் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். இஸ்தான்புல்லில் தோப்கப்பிக்குச் செவ்வாய் விடுமுறை. டோல்மாபாச்சே அரண்மனைக்குத் திங்கள். கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. மசூதிகளுக்கு வெள்ளி மதியம். தாளில் செவ்வாய்க்கிழமை தோப்கப்பி போட்டிருந்தால் அந்த நிறுவனம் தாளைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

#10 உப்புக்குறைவு

எல்லாரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். ஜன்னலோரம், சாப்பாட்டைப் பற்றித் தனியாகப் புலம்புவதாகச் சொன்னீர்களே. காத்திருக்கிறேன்.

#11 ஜன்னலோரம்

சரி, கேளுங்கள். குழுவில் சைவம் ஆறு பேர். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். மதியம் எல்லாருக்கும் சிவப்புப் பருப்பு சூப், தக்காளி வெள்ளரி சாலட், கோழித் துண்டு கம்பியில் குத்திச் சுட்டது, சோறு, ஒரு பாக்லவா. சைவத்துக்கு அதே தட்டில் கோழி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான். சூப் நன்றாக இருந்தது, எலுமிச்சை பிழிந்து இரண்டு கிண்ணம் குடித்தோம். பிறகு தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் கட்டணம் என்று சீட்டு நீட்டினார்கள். தாளின் கடைசி வரியில் "பானங்கள் சேராது" என்று எறும்பு எழுத்தில் இருந்தது. தண்ணீர் பானமா?

இரவு படகில் இன்னும் மோசம். மேஜை நடுவில் மெஸே தட்டு வந்தது. கெட்டித் தயிரில் புதினா போட்ட ஹைதரி, மிளகாயும் தக்காளியும் கொத்திய எஸ்மே, வெள்ளைப் பாலாடைக்கட்டி. இது பிரமாதம், ஆனால் ஆளுக்கு ஒரு கரண்டி. பிறகு மற்றவர்களுக்கு மீன், எங்களுக்கு உப்பில்லாமல் வெந்த கேரட்டும் பீன்ஸும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேஜை வேறு. அம்மா ஏதோ கேட்டார், நான் "என்ன?" என்றேன், அம்மா கையை விரித்துவிட்டார். மூன்று மணி நேரம் சைகையிலேயே பேசிக்கொண்டோம்.

கரையைப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. அரண்மனை, கோட்டை எல்லாம் படகின் மறுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஜன்னலில் இருட்டுத் தண்ணீர், தூரத்து விளக்குகள். நடுவில் ஒரு முறை மலை மாதிரி ஓர் எண்ணெய்க் கப்பல் சத்தமே இல்லாமல் கடந்து போனது.

#12 உப்புக்குறைவு

எனக்கு அழுகையே வருகிறது, ஏனென்றால் நீங்கள் போனது சைவக்காரர்களுக்குச் சொர்க்கமான ஒரு சமையலின் ஊர். நான் சைவம், அங்கே இரண்டு முறை போய் மொத்தம் மூன்று வாரம் சாப்பிட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சங்கடமான செய்தி. அந்தப் பருப்பு சூப், மெர்ஜிமெக் சோர்பா, பல இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். சோறும் சில இடங்களில் கோழி நீரில். சமைப்பவரைப் பொறுத்தவரை அதில் இறைச்சித் துண்டு இல்லை, ஆகவே சைவம். "எத்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாதது, எல்லாரும் இதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள், ஆனால் இது போதாது. "எத் சுயு வார் மே?" என்று கேட்க வேண்டும், இறைச்சி நீர் இருக்கிறதா என்று. கோழிக்கு "தவுக் சுயு". நான் முதல் நாலு நாள் கேட்காமல் குடித்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

இரண்டாவது. அங்கே "ஸெய்தின்யாலே" என்று ஒரு தனி வகையே உண்டு, ஆலிவ் எண்ணெயில் காயை மெல்ல வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறுவது. பீன்ஸ், கூனைப்பூ, லீக் கீரைத்தண்டு, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, எல்லாம் இந்த வகையில் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல்தான் வரும். இதன் ராஜா இமாம் பயில்தே. முழுக் கத்தரிக்காயைக் கீறி, வதக்கிய வெங்காயம் தக்காளி பூண்டு அடைத்து, எண்ணெயில் குழைய விடுவார்கள். பெயருக்கு அர்த்தம் "இமாம் மயங்கி விழுந்தார்". ருசியில் மயங்கினார் என்று ஒரு கட்சி, மனைவி செலவழித்த எண்ணெயின் விலையைக் கேட்டு மயங்கினார் என்று இன்னொரு கட்சி. தட்டில் எண்ணெய் நிற்பதைப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்கே என் ஓட்டு.

தெருவில் சீ கொஃப்தே என்று கடைக்குக் கடை விற்பார்கள். பெயர் "பச்சைக் கறி உருண்டை". பயப்படாதீர்கள், கடைகளில் விற்பது இப்போது உடைத்த கோதுமையும் மிளகாய் விழுதும்தான், பச்சைக் கறியை அப்படி விற்கத் தடை. கீரை இலையில் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள்.

குழுவோடு போகிறவர்கள் இதைச் சாப்பிட முடியாததற்குக் காரணம் கருணையின்மை இல்லை. குழு உணவகத்தில் 38 தட்டும் ஒரே நேரத்தில் சூடாக மேஜைக்கு வர வேண்டும். சைவம் என்று எழுதினால் சமையல்காரர் தட்டிலிருந்து ஒன்றைக் கழிப்பார், புதிதாக ஒன்றைச் சமைக்க மாட்டார். அதனால் "சைவம்" என்று எழுதாமல் "ஸெய்தின்யாலே கத்தரிக்காய், பீன்ஸ்" என்று பதார்த்தத்தின் பெயரையே எழுதிக் கொடுங்கள். முந்தின நாளே செய்து ஆறவைக்கிற பண்டம் அது, அவர்களுக்கும் சுலபம்.

#13 தலைக்கணக்கு

பதினெட்டு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. குறித்து வைத்துக்கொண்டேன், ஓய்வு பெற்ற பிறகு என்ன பயன்.

தண்ணீர் பாட்டில் விஷயம்: அங்கே உணவகத்தில் தண்ணீரும் விலைக்குத்தான். "சாப்பாட்டோடு ஒரு தண்ணீர், ஒரு தேநீர்" என்று முன்னாலேயே எழுதி வாங்குவது மேலாளர் வேலை. அதில் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு சரி.

#14 சக்கரக்கால்

படகு விருந்துக்குப் போகாமல் அன்றிரவு தனியாகக் கழன்றிருக்கலாம். குழுவில் போன என் அண்ணன் ஒருமுறை அப்படித்தான் செய்தார். மேலாளரிடம் "இன்று மாலை நான் வரவில்லை, ஓட்டலுக்கு நானே வந்துவிடுவேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எமினோனுவில் ஊர்க்காரர்கள் ஏறுகிற சாதாரணப் படகில் ஏறி காதிகோய் போய்விட்டார். இருபது நிமிடம், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு. படகிலேயே தட்டில் டீ கொண்டு வருவார்கள், கடற்காகங்கள் சிமித் துண்டுக்குக் கூடவே பறந்து வரும். கட்டணத்தை இஸ்தான்புல்கார்ட்டில் தட்டிவிட்டால் போதும், ஒரே அட்டையில் பல பேர் தட்டலாம்.

#15 பழைய வரைபடம்

படகில் சுழல் நடனமும் வைத்தார்களா? வைத்திருப்பார்கள். அது செமா, மெவ்லவி சூஃபிகளின் வழிபாடு. யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அடுத்த உருப்படியாக இடுப்பு நடனம், பக்கத்தில் மீன் தட்டுச் சத்தம். என்னால் அதை ரசிக்க முடிந்ததில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் கலாத்தாவில் 1491-ல் நிறுவிய மெவ்லவி மடம் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம், அங்கே செமா நடக்கிற நாளை விசாரித்துப் போங்கள். கைதட்டக் கூடாது.

#16 ஜன்னலோரம்

வைத்தார்கள். எங்கள் மேஜையில் கைதட்டினோம். தெரியாது.

#17 அரைத்தூக்கம்

"கரையெல்லாம் மறுபக்கமாகவே போனது" என்றீர்களே, படகு போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது அடுத்த பக்கம் தெரிய வேண்டுமே? எப்படி இரண்டு தடவையும் தண்ணீரே தெரியும்? நீங்களும் என்னைப் போல அரைத்தூக்கமா?

#18 தலைக்கணக்கு

தூக்கம் இல்லை, அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். உல்லாசப் படகுகள் பொதுவாக வடக்கே போகும்போது ஐரோப்பியக் கரையை ஒட்டிப் போகும். டோல்மாபாச்சே, ஓர்த்தாகோய், 1973-ல் திறந்த முதல் பாலம், ருமேலிக் கோட்டை. இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பி, ஆசியக் கரையை ஒட்டி இறங்கி வரும். வடக்கே போகும்போது ஐரோப்பா இடது பக்கம். தெற்கே வரும்போது ஆசியாவும் இடது பக்கம். அதனால் இடது ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கரையும் கிட்டத்தில். வலது ஜன்னலில் உட்கார்ந்தவருக்குப் போக வர நடுத்தண்ணீர்.

#19 அரைத்தூக்கம்

பெயர் ஜன்னலோரம். உட்கார்ந்தது தப்பான ஜன்னலோரம்.

#20 ஜன்னலோரம்

இதை முந்தாநாள் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்று தாங்க முடியவில்லை.

ருமேலிக் கோட்டையைப் பார்க்கவே இல்லை நான். 1452-ல் ஓட்டோமான்கள் நாலைந்து மாதத்தில் கட்டி முடித்தார்கள், மறு வருடம் நகரமே அவர்களிடம் விழுந்தது என்று போகும் முன் படித்து வைத்திருந்தேன். நீரிணை அங்கேதான் ரொம்பக் குறுகல், 700 மீட்டர் சொச்சம். எங்கள் மேஜையிலிருந்து தெரிந்தது எதிர் ஜன்னல்காரர்களின் பின்னந்தலை, அதற்கு மேல் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம்.

#21 புதுப்பெட்டி

வணக்கம், இந்த இழையை முழுக்கப் படித்தேன். அடுத்த வாரம் நானும் மனைவியும் குழுவில் கிளம்புகிறோம். எங்களுக்கு இஸ்தான்புல் ஞாயிறன்று வருகிறது. தாளில் மாலை கிராண்ட் பஜார் என்று போட்டிருக்கிறது!

#22 தலைக்கணக்கு

ஞாயிறு மூடியிருக்கும் தம்பி. இன்றே கேளுங்கள். எமினோனு மசாலாச் சந்தையை வைக்கச் சொல்லுங்கள், அது ஞாயிறும் உண்டு. இல்லையென்றால் பஜார் வாசல் வரை கூட்டிப்போய், அந்தப் பலகையைப் படிக்க வைத்துத் திருப்பிக் கூட்டி வருவார்கள்.

#23 பழைய வரைபடம்

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பஜாரின் பெயரே கபாலி சார்ஷி, கூரை போட்டு மூடிய சந்தை. ஞாயிற்றுக்கிழமை கபாலி சார்ஷி கபாலி.

#24 உப்புக்குறைவு

புதுப்பெட்டிக்கு இன்னொன்று. துருக்கிக் காபி கேட்கும்போதே சர்க்கரையைச் சொல்லிவிடுங்கள், தூளோடு சேர்த்தே கொதிக்க வைப்பார்கள். சர்க்கரை வேண்டாம் என்றால் "சாதே", நடுத்தரம் "ஓர்த்தா". வந்த பிறகு கலக்காதீர்கள், மண்டி மேலே வந்துவிடும். கடைசி இரண்டு மடக்கை விட்டுவிடுங்கள். என் முதல் காபியில் கடைசி மடக்கை நான் மென்றேன்.

#25 புதுப்பெட்டி

நன்றி. மனைவிக்குத் தலைமறைக்கத் துணி எடுத்துக்கொண்டோம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பஜாரைச் சனிக்கு மாற்றுகிறார்களாம். "இது வரை யாரும் கேட்டதில்லை" என்று பதில் வந்தது.

#26 ஜன்னலோரம்

நேற்றிரவு இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சூப் பகுதியைத் தாண்டிவிட்டேன், உப்புக்குறைவு மன்னிக்கவும். இமாம் மயங்கிய கதைக்கு நன்றாகச் சிரித்தார். கம்பளக் கடைக்கு 70 நிமிடம் என்றதும், "நமக்கு அது முப்பதுதானே, மிச்சம் படியில்தானே இருந்தோம்" என்றார். அது உண்மைதான், என் கணக்கில் நான் அதைக் கழிக்கவில்லை.

இடது ஜன்னல், வலது ஜன்னல் விஷயத்தையும் சொன்னேன். நாம் தப்பான பக்கம் உட்கார்ந்துவிட்டோம், அரண்மனை எல்லாம் போச்சு என்றேன். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "அந்தக் கப்பல் வந்ததே, அந்தப் பக்கம் இருந்தவங்க பார்த்திருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கப்பல் வந்ததும் போனதும்தான் தெரியும். அம்மா அதன் பக்கவாட்டில் ஒரே ஒரு வட்ட ஜன்னலில் விளக்கு எரிந்ததையும், உள்ளே ஒரு ஆள் பனியனோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறார்.